மடக்குக் கூரை

ஆமினா பீவியின் தலையில் மழைத் தண்ணீர் கொட்டியபோது மழை பெய்துகொண்டிருக்கவில்லை. பெய்து ஓய்ந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம். சுவா சூ காங்கில் அந்த உணவங்காடி நிலையத்தின் நடுமுற்றத்தில் ஒரு மேசைகூடக் காலியில்லை. சுற்றிவரக் கடைகள், நடுவில் திறந்த முற்றம், அதில் மேசைகள். கடையில் வாங்கியதைத் தட்டில் ஏந்திக்கொண்டு மக்கள் இடம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். ஆமினா இரண்டு தட்டு சூப் தூலாங்கும் ஒரு கூடை ரொட்டியும் எடுத்துக்கொண்டு நடு மேசைக்குப் போனாள். சிவந்த குழம்பில் ஆட்டெலும்பு குவிந்து கிடக்கும் அந்தச் சூப்புக்காகவே உட்லண்ட்ஸிலிருந்தும் ஈசூனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

மேலே மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. மழை நின்றதைக் கண்டுகொண்ட கூரை தானாகத் திறக்க ஆரம்பித்தது. அண்ணாந்து பார்க்கிற வழக்கமெல்லாம் கடைக்காரர்களுக்கு விட்டுப்போய்விட்டது. வெள்ளைத் தகடுகள் ஒன்றோடொன்று மடங்கி, விரித்த விசிறி சுருங்குவதுபோல, முற்றத்தின் ஓரத்துக்கு ஒதுங்கும். மூன்று மாதமாக அப்படித்தான் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒதுங்கவில்லை. பாதி மடங்கும்போது மடிப்புகளில் தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும், இலையும் சேறுமாக, ஒரேயடியாகக் கீழே இறங்கியது.

நடு மேசையில் ஒரு குடும்பம் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கூடியிருந்தது. கேக் மிதந்தது. ஆமினாவின் முக்காடு ஒட்டிக்கொண்டு, கண்ணிமையில் ஒரு மஞ்சள் இலை நின்றது. அவள் கையிலிருந்த தட்டுகளைக் கீழே விடவில்லை. சூப் நிரம்பி வழிந்து முழங்கை வழியாக இறங்கியது.

"உக்காருங்க, உக்காருங்க. எல்லாம் புதுசா மாத்தித் தர்றேன்," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

யாரோ சிரித்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு பையன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். போப்பியா கடை லிம் ஒரு துண்டோடு ஓடிவந்து ஆமினாவின் தோளைத் துடைத்தாள். தோசைக் கடையிலிருந்து எட்டிப் பார்த்த செல்லக்கண்ணு, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதன்தான், ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, உங்க மக கூரை உங்களையே குளிப்பாட்டி விட்டுருச்சு."

அதுதான் தைத்தது. தண்ணீர் தைக்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கூரையை வரைந்தது அவள் மகள் ருக்ஸானா. அதை இந்த மூன்று மாதத்தில் ஆமினா சொல்லாத ஆள் இல்லை. "மேல பாத்தீங்களா? என் மக டிசைன்," என்று சூப்பை வைக்கும்போதே சொல்லிவிடுவாள். காய்கறி இறக்குகிறவனிடம் சொன்னாள். எரிவாயு உருளை மாற்ற வந்தவனிடம் சொன்னாள். ஒரு தடவை பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஓட்டுநர் சாப்பாட்டைத் 'தபாவ்' கட்டி வாங்க வந்தபோது, அவரைப் பொட்டலத்தோடு வெளியே கூட்டிவந்து நிறுத்தி, கூரை திறந்து ஒதுங்கும்வரை பார்க்க வைத்தாள். பஸ் தாமதமாகத்தான் கிளம்பியிருக்கும்.

ஆமினாவும் அவள் கணவர் அப்துல் கஃபாரும் அந்தக் கடையை ஆரம்பித்தபோது ருக்ஸானா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கஃபார் மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டுவார், ஆமினா சூப் பார்ப்பாள். முற்றத்தில் அப்போது குடைகள்தான். மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் குடை ஒரு பக்கம் பறக்கும், சாப்பிடுகிறவர்கள் தட்டோடு ஒரு பக்கம் ஓடுவார்கள். பள்ளிச் சீருடையில் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய ருக்ஸானாவும் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். பிற்பாடு கட்டடக்கலை படித்து, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நகர மன்றம் அந்த முற்றத்துக்குக் கூரை போட யோசனை கேட்டபோது, அந்த அலுவலகத்தின் யோசனை எடுபட்டது. அது அவளுடைய யோசனை.

அந்த ஒரு வருசமும் புக்கிட் பாத்தோக் வீட்டின் சாப்பாட்டு மேசையில் காகிதம் காகிதமாகக் கிடந்தது. பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளைக்கூட விட்டுவைக்கவில்லை. ஜப்பான்காரர்கள் காகிதம் மடிக்கிற வித்தைதான் இது என்று ருக்ஸானா சொன்னாள். தாளில் குறுக்கும் சாய்வுமாகக் கோடு போட்டு, ஒரு கோட்டை மேடாக மடித்தாள், அடுத்ததைப் பள்ளமாக மடித்தாள். கடைசியில் முழுத்தாளும் உள்ளங்கைக்குள் அடங்கியது. பிறகு ஒரு மூலையை மட்டும் பிடித்து இழுத்தாள். தாள் முழுவதும் ஒரே சமயத்தில் விரிந்தது.

"பாத்தியாம்மா? ஒரு எடத்துல இழுத்தா போதும். எல்லாம் சேந்து நகரும். நூறு மோட்டார் வேணாம். ஒரு ஓரத்துல ரெண்டு இருந்தா போதும்."

"காகிதம் சரி. கூரை காகிதமா?"

"அதான் கஷ்டம். காகிதத்துக்குக் கனம் இல்ல. தகடுக்கு இருக்கு. மடிச்சா ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். கீலை ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு மாத்தி மாத்தி வெக்கணும்."

கஃபார் மூக்குக்கண்ணாடியை இறக்கி அந்தத் தாளை இழுத்துப் பார்த்தார். மறுபடி மடக்கினார். மறுபடி இழுத்தார். பக்கத்திலிருந்த தே ஓ தேநீர் ஆறுகிறவரை அதையே செய்துகொண்டிருந்தார்.

*

தண்ணீர் கொட்டிய அன்று சாயங்காலம் ருக்ஸானா வீட்டுக்கு வந்தபோது ஆமினா குளித்து, உடை மாற்றி, சோற்றை மேசையில் வைத்திருந்தாள். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. கஃபார் வேண்டுமென்றே மீன் முள்ளைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தார்.

"வீடியோ பாத்தியா?" என்றாள் ஆமினா.

"பாத்தேன்."

"எத்தனை பேருட்ட நான் சொல்லிருப்பேன் தெரியுமா? என் மக செஞ்சது, என் மக செஞ்சதுன்னு. இன்னைக்கு அத்தனை பேரும் சிரிக்கிறாங்க."

ருக்ஸானா மத்தியானத்திலிருந்து அலுவலகத்திலும் முற்றத்திலும் தொலைபேசியிலும் பதில் சொல்லிக் களைத்திருந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"நான் சொல்லச் சொன்னேனா?" என்றாள்.

ஆமினா எழுந்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தண்ணீர்க் குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

அதற்குப்பின் வீட்டில் சண்டை என்று ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை. ருக்ஸானா விடிவதற்குள் கிளம்பிப் போனாள், இருட்டித் திரும்பினாள். மூடி வைத்த சோறு சில நாள் அப்படியே இருந்தது. கஃபார் இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார், இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி 'ம்' வாங்கினார்.

முற்றத்தில் கூரையை மூடிய நிலையில் பூட்டி வைத்துவிட்டார்கள். கடைக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் தலைக்குமேல் கூரை. நிரந்தரமாக இப்படியே பூட்டிவிடச் சொல்லிக் கேட்போம் என்று பேச்சு எழுந்தது. நகர மன்ற அதிகாரி புதன்கிழமை கடைக்காரர்களைச் சந்திக்க வருவதாகச் சொன்னார். கடைக்காரர்கள் சங்கத்துக்குத் தலைவி ஆமினா பீவிதான். சாக்கடை அடைத்தால் பத்துத் தடவை தொலைபேசியில் கூப்பிட வேறு யாருக்கும் பொறுமை இல்லாததால் அவளைத் தலைவியாக்கியிருந்தார்கள்.

"அமினா, யூ டெல் தெம் லா. குளோஸ் பெட்டர்," என்றாள் லிம்.

"சொல்றேன், சொல்றேன்," என்றாள் ஆமினா. சூப்பைக் கிளறும்போது கண் எரிந்தது. கஃபாரின் இரும்புச் சட்டியில் மிளகாய் விழுது விழுந்ததும் எழும் புகை முன்பெல்லாம் நேரே வானத்துக்குப் போகும். இப்போது கூரைக்கு அடியில் சுற்றிச் சுற்றி வந்தது. செல்லக்கண்ணு ஒரு மின்விசிறி வாங்கி வைத்தான். அது புகையை லிம்மின் கடைக்குத் தள்ளியது. லிம் ஒரு மின்விசிறி வாங்கினாள்.

*

திங்கட்கிழமை கடைக்கு விடுப்பு. எலும்பு பார்த்து வாங்க ஆமினா தேக்காவுக்குப் போவாள். கஃபார் வண்டியில் கொண்டுபோய் விடுவார், அன்றைக்கு அவருக்கு முழங்கால் வலி என்றார். அவள் தள்ளுவண்டிப் பையை இழுத்துக்கொண்டு பஸ்ஸும் ரயிலுமாகப் போய் இறங்கினாள். தேக்கா சந்தையின் ஈரத் தரையில் செருப்பு வழுக்கியது. வழக்கமான இறைச்சிக் கடையில் காலெலும்பைத் தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தாள். மூட்டு பெரிதாக, நல்லி நிறைந்ததாக இருக்க வேண்டும். கறிவேப்பிலையும் சோம்பும் வாங்கினாள். அத்தோடு ரயிலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

திரும்பவில்லை. சிராங்கூன் ரோட்டைக் கடந்து, பூக்கடை வாசத்தையும் நகைக்கடைப் பாட்டையும் தாண்டி, டன்லப் ஸ்திரீட்டுக்குள் நுழைந்தாள். வழியில் ஆறு பரோட்டாவும் தால்ச்சாவும் கட்டி வாங்கிக்கொண்டாள். எதற்கு வாங்குகிறோம் என்று அவளே கேட்டுக்கொள்ளவில்லை.

மகளின் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருசத்தில் ஆமினா வாசலோடு நின்றிருக்கிறாள், ஏறியதில்லை. மரப்படி ஒவ்வொன்றிலும் பை இடித்தது. மேலே கதவைத் திறந்த ஆதவன், ருக்ஸானாவுக்கு மேலே இருக்கிற கட்டடக்கலைஞன், பையை வாங்கிக்கொண்டான்.

"வாங்கம்மா. இதுல என்ன, இவ்வளவு கனம்?"

"எலும்பு, தம்பி. ஏர்கான் ரூமுக்குள்ள நாறும். வெளிய வெச்சிருங்க."

"வெளிய வெச்சா பூனை விடாது," என்ற ஆதவன், அலுவலகக் குளிர்பெட்டியிலிருந்த தண்ணீர்ப் போத்தல்களை வெளியே எடுத்து அடுக்கிவிட்டு எலும்பை உள்ளே வைத்தான்.

ருக்ஸானா தரையில் குந்தியிருந்தாள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, முன்னால் ஒரு பெரிய நெகிழித் தொட்டி. தொட்டிக்கு மேல், மேசை அகலத்துக்கு, கூரையின் சின்ன உருவம் கட்டித் தொங்கியது. விரல்களில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எலும்பு கழுவும்போது தானும் இப்படித்தான் உட்காருவோம் என்பது ஆமினாவுக்கு ஞாபகம் வந்தது.

"என்னம்மா திடீர்னு?"

"எலும்பு வாங்க வந்தேன்."

"எலும்புக்கடை இங்க இல்லியே."

"தெரியும்," என்ற ஆமினா, நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் தொட்டியைச் சுற்றி வந்தாள். "இதுல என்ன, இலையெல்லாம் கெடக்கு?"

"நம்ம முற்றத்துக்குப் பக்கத்துல இருக்கில்ல, அங்சானா மரம். அதோட இலை. டெஸ்ட் பண்ணப்ப நல்ல தண்ணிய ஊத்தித்தான் டெஸ்ட் பண்ணோம். ஓடிருச்சு. இலை விழும்னு நெனச்சோம், காத்துல போயிரும்னு விட்டுட்டோம். போகல. பள்ள மடிப்பு வளையிற எடத்துல எல்லாம் போய் ஒக்காந்துக்கிச்சு. தண்ணி அதுக்குப் பின்னால தேங்கிருச்சு." ருக்ஸானா எழுந்து நின்றாள். "தப்பு என்னுதும்மா. மரத்த நான் தெனம் பாத்து வளந்தவ."

"இந்த இலையெல்லாம் எப்ப வந்து எடுத்த? நான் பாக்கலியே."

ருக்ஸானா ஆதவனைப் பார்த்தாள். ஆதவன் பரோட்டாப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமானான்.

"காலைல நீ வர்றதுக்கு முந்தி வருவேன். அத்தாதான் கூட்டி அள்ளிப் பையில போட்டுக் குடுத்தாரு. கோப்பியும் வாங்கிக் குடுப்பாரு."

"அந்த மனுசன் என்ட்ட ஒரு வார்த்த சொல்லல," என்றாள் ஆமினா. முழங்கால் வலி என்று தன்னைத் தனியாக அனுப்பியதும் எதற்கென்று இப்போது புரிந்தது.

சாப்பிட உட்காரும் முன்பு ருக்ஸானா ஒரு தடவை செய்து காட்டினாள். ஒரு குவளைத் தண்ணீரை இலையோடு சேர்த்து உருவத்தின் மேல் ஊற்றினாள். மடிப்புகளில் தண்ணீர் நின்றது. அப்படியே மடக்கினால் சனிக்கிழமை மாதிரித்தான் கொட்டும். அவள் மடக்கவில்லை. ஒரு பக்கத்துச் சட்டத்தை மட்டும் மெதுவாக உயர்த்தினாள். கூரை முழுவதும் சாய்ந்தது. பிறகு கொஞ்சம்போல மடக்கி நிறுத்தினாள். பள்ளங்கள் ஆழமாகி வாய்க்கால் மாதிரி ஆனதும் தண்ணீர் இலையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடி விழுந்தது. ஓடி முடிந்தபின் முழுதாக மடக்கினாள். இரண்டு மூன்று இடத்தில் சொட்டியது.

"இன்னும் சொட்டுது," என்றாள் ஆமினா.

"ம். சொட்டுது. காலைல இதைவிடச் சொட்டுச்சு."

ஆதவன் தால்ச்சாவில் பரோட்டாவைத் தோய்த்துக்கொண்டே சொன்னான். "நான் ஒரு யோசனை சொன்னேம்மா. பேசாம மூடியே வெச்சிரலாம்னு எழுதிக் குடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதி. உங்க கடைக்காரங்களும் அதத்தான கேக்குறாங்க. இவ ஒத்துக்க மாட்டேங்கிறா."

"மூடியே வெக்கிறதுன்னா தகரம் போட்டிருக்கலாம்," என்றாள் ருக்ஸானா. "அத்தா அடுப்புக்கு முன்னாடி நாள் முழுக்க நிக்கிறாரு. காத்து வரணும், மழ வரக்கூடாது. ரெண்டும் வேணும்னுதான இத ஆரம்பிச்சேன்."

ஆமினா பரோட்டாவைப் பிய்த்து மகள் பக்கம் தள்ளினாள். பிளாஸ்டர் விரலால் ருக்ஸானா எடுத்துச் சாப்பிட்டாள். பசித்துத்தான் இருந்திருக்கிறாள். மூன்றாவதையும் எடுத்தபிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அன்னைக்கு, நான் சொல்லச் சொன்னேனான்னு கேட்டேன்ல. கேட்டிருக்கக் கூடாதும்மா."

"கேட்டதுல என்ன தப்பு? நீ சொல்லச் சொல்லலயே. நானாத்தான சொன்னேன்." ஆமினா தண்ணீரை எடுத்து நீட்டினாள். "எனக்குச் சொல்றதுக்கு வேற என்ன இருக்கு, சூப்பத் தவிர?"

ருக்ஸானா சிரித்துவிட்டாள். இருமல் வந்து, ஆதவன் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது ஆமினா கேட்டாள். "புதன்கிழமை நீ வருவியா?"

"வரணும்."

"வா. ஆனா ஒண்ணு சொல்லிக்கிறேன். அங்க நான் உனக்கு அம்மா இல்ல."

"தெரியும்," என்றாள் ருக்ஸானா.

*

புதன்கிழமை மத்தியானக் கூட்டம் கலைந்து, அசர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தபோது, கடைக்காரர்கள் நடு மேசைகளில் வந்து உட்கார்ந்தார்கள். சிலர் வெங்காயம் உரித்துக்கொண்டே வந்தார்கள். லிம் ஒரு தட்டு முட்டைக்கோஸைத் துருவிக்கொண்டிருந்தாள். நகர மன்ற அதிகாரி இளம்பெண். மூடிய கூரைக்கடியில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கையிலிருந்த தாளால் விசிறிக்கொண்டாள்.

ஆமினா எழுந்து நின்றாள். "இத வரைஞ்சது என் மக. அதனால இன்னைக்குத் தலைவர் நாற்காலில நான் ஒக்கார மாட்டேன். கையும் தூக்க மாட்டேன். செல்லக்கண்ணு, நீ வந்து ஒக்காரு."

"நானா? நான் மாவு கரைச்சுக்கிட்டிருந்தேன்."

"கையக் கழுவிட்டு வா."

செல்லக்கண்ணு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவனுக்கும் ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

ருக்ஸானா ஆங்கிலத்தில் சொன்னாள், அதையே தெரிந்த மலாயில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள். எங்கே தப்பு நடந்தது, என்ன மாற்றப்போகிறோம், எத்தனை வாரம் ஆகும். சட்டத்தின் ஒரு பக்கத்தை உயர்த்தும் ஏற்பாடு வரும். முதலில் சாயும், தண்ணீர் வடியும், அப்புறம்தான் மடங்கும். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"சரி, திரும்பக் கொட்டுச்சுன்னா?" என்றான் செல்லக்கண்ணு.

"கொட்டாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணே. சொட்டும். அதனாலதான் தானாத் திறக்கிறத எடுத்துறச் சொல்றேன். யாராச்சும் மேல பாத்து, கீழ இருக்கிறவங்களுக்குச் சொல்லிட்டு, ஒரு பட்டனை அழுத்தணும். கைய எடுத்தா அங்கேயே நிக்கும்."

மூடியே இருக்கட்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. இரண்டு மூன்று தலைகள் ஆடின.

ஆமினா ஓரத்தில் நின்றபடியே பேசினாள். "தலைவரா பேசல. சூப்புக் கடைக்காரியா பேசுறேன். நான் இவங்க ஆபீசுக்குப் போய்ப் பாத்தேன். தண்ணிய ஊத்தி ஊத்திப் பாக்குறாங்க. இன்னும் முழுசாச் சரியாகல, அதையும் பாத்தேன். ஆனா மூடுன நாள்லேருந்து எனக்குக் கண்ணு எரியுது. செல்லக்கண்ணு, உனக்கு எரியல?"

"எரியுதுக்கா."

"லிம், யுவர் ஐஸ்?"

லிம் துருவுவதை நிறுத்தினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பெய்ன், லா. எவ்ரிடே பெய்ன். ஐ தாட் ஆனியன்."

சிரிப்பு எழுந்தது. நகர மன்றப் பெண்ணும் சிரித்தாள். செல்லக்கண்ணு மேசையைத் தட்டி, சரிசெய்து ஒரு தடவை பார்ப்போம் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னான். முதலில் கொஞ்சம்தான். பிறகு மீன் உருண்டைக் கடைக்காரர், பிறகு பழக்கடைப் பெண், ஒருவரைப் பார்த்து ஒருவராக. பாதிக்குமேல் வந்தது. கடைசியாக, முட்டைக்கோஸ் ஒட்டிய கையை லிம் தூக்கினாள். தூக்கிய கையை இறக்காமலே கேட்டாள்.

"பட் ஹூ பிரஸ் தி பட்டன்?"

இதை யாரும் யோசித்திருக்கவில்லை. நகர மன்றத்துக்கு நாள் முழுவதும் ஒரு ஆளை நிறுத்த முடியாது. செல்லக்கண்ணு தோசைக்கல்லை விட்டு நகர முடியாது என்றான். எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"அமினா பிரஸ்," என்றாள் லிம். "ஷீ ஆல்ரெடி கெட் வெட். ஷீ வில் லுக் ப்ராப்பர்லி."

அதற்குக் கை தூக்கச் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

*

மாற்றியமைக்க ருக்ஸானா சொன்னதைவிட அதிக நாள் பிடித்தது. விடியற்காலையில் வேலையாட்கள் வந்து சட்டத்தைக் கழற்றினார்கள், கடை திறக்கும் முன் போய்விட்டார்கள். பட்டன் பெட்டியை ஆமினாவின் கடைக்குப் பக்கத்துத் தூணில் பொருத்தினார்கள். ருக்ஸானா ஒரு நாள் காலையில் வந்து தாய்க்குச் சொல்லிக்கொடுத்தாள். மேலே இருப்பது சாய்க்க, கீழே இருப்பது மடக்கவும் விரிக்கவும். ஆமினா இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போதும் என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் மழையே இல்லை. வெயில் காய்ந்தது, கூரை ஓரமாக மடங்கியே கிடந்தது. கடைக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதும் ஆமினாவைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அவளுக்கே ராத்திரி தூங்கப்போகும்போது மழை எப்போது வரும் என்று மனசுக்குள் ஓடியது.

வியாழக்கிழமை மழை வந்தது. சுமத்ரா பக்கத்திலிருந்து கிளம்பும் காற்று முதலில் அங்சானா மரத்தை உலுக்கியது, பிறகு பழைய செய்தித்தாள்களை மேசை மேசையாகப் புரட்டியது. ஆமினா கூரையை விரித்து மூடினாள். மழை அடித்துப் பெய்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் முற்றத்தில் நெருக்கி உட்கார்ந்து, ஒரு துளி படாமல், சத்தத்துக்கு மேல் சத்தமாகப் பேசிச் சாப்பிட்டார்கள். புகை மட்டும் கூரைக்கடியில் கூடியது. கஃபார் சட்டிக்கு முன்னால் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரட்டினார். அன்றைக்கென்று ருக்ஸானா விடுப்பெடுத்து வந்திருந்தாள். நடு மேசையில் உட்கார்ந்தாள். அங்கே உட்காராதே என்று ஆமினா சொன்னதைக் கேட்கவில்லை.

"கொட்டுனா என் மேலதான் கொட்டணும்," என்றாள்.

மழை ஓய்ந்தது. ஆமினா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தூணுக்கருகில் போனாள். செல்லக்கண்ணு தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தான். லிம் வந்தாள். ஆமினா முற்றம் முழுவதும் கேட்கும்படி மூன்று மொழியிலும் சொன்னாள்.

"கூரையத் தொறக்குறேன். தட்டைப் புடிச்சுக்குங்க."

சிலர் தட்டைப் பிடித்தார்கள். ஒரு தாத்தா மட்டும் பத்திரிகையை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

மேல் பட்டனை அழுத்தினாள். கூரையின் ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஆமினா விரலை எடுக்கவில்லை. பிறகு எதிர்ப்பக்கத்துக் குழாயில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பழுப்பாக, மஞ்சள் இலைகளைச் சுழற்றிக்கொண்டு, வாய்க்கால் நிறைய ஓடியது. அவள் காத்திருந்தாள். சத்தம் மெலிந்து, சொட்டுச் சத்தமாகி, அதுவும் நின்றபின் கீழ் பட்டனை அழுத்தினாள். வெள்ளைத் தகடுகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு, மேடும் பள்ளமுமாக நெருங்கி, ஒரு ஓரத்தில் போய்ச் சேர்ந்தன. கழுவிவிட்ட வானம் தெரிந்தது. கூடியிருந்த புகை மேலே ஏறிப்போனது. ஈரக் காற்று உள்ளே இறங்கி, முற்றம் முழுவதும் ஒரு மூச்சு விட்டதுபோல இருந்தது.

யாரும் கை தட்டவில்லை. பிடித்திருந்த தட்டை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள். தாத்தா பத்திரிகையை விரித்து, விட்ட இடத்திலிருந்து படித்தார். "தோச கருகுது," என்று யாரோ கத்த, செல்லக்கண்ணு ஓடினான்.

ஆமினா ஒரு தட்டு சூப் தூலாங் எடுத்துக்கொண்டுபோய் மகள் முன்னால் வைத்தாள். வைத்த நேரம், மடிந்து நின்ற கூரையின் ஒரு மூலையிலிருந்து காற்றில் தள்ளப்பட்ட துளி ஒன்று தட்டின் விளிம்பில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

ருக்ஸானா அண்ணாந்து பார்த்தாள். "அந்த ஓரத்து கீல்," என்று முணுமுணுத்துக்கொண்டு, எழுதி வைக்கக் கைப்பேசியை எடுத்தாள்.

ஆமினா கைப்பேசியை வாங்கித் தன் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். தட்டை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சாப்ட்டு எழுதிக்க. நல்லி ஆறிடும்."

ருக்ஸானா பெரிய எலும்பாகப் பார்த்து எடுத்தாள்.